இடியா, வெடியா? – கோடை மழையும் குமரன் தரும் அபயமும்

ஓம் சரவணபவ 🙏
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!



அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருக்கிறது. சூரியன் கார்த்திகை நட்சத்திரத்தைக் கடக்கும் காலத்தைத்தான் நாம் கத்திரி வெயில் என்கிறோம். கார்த்திகைக்கு அதிதேவதை அக்னி. நம் பெருமானுக்கோ பால் கொடுத்து வளர்த்த தாய்மார் ஆறு பேரும் கார்த்திகைப் பெண்கள். நெற்றிக்கண்ணில் இருந்து பிறந்த ஆறு பொறியை அக்னியும் வாயுவும் சுமந்துபோய்க் கங்கையில் விட, கங்கை சரவணப் பொய்கையில் சேர்க்க, தாமரையில் ஆறு குழந்தைகளாகச் சிரித்தவன் அவன். நெருப்பு, காற்று, தண்ணீர் மூன்றும் அவன் பிறப்பில் சேர்ந்திருக்கின்றன.

அந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து நம் வீட்டு வாசலுக்கு வருகிற நேரம்தான் கோடை இடிமழை. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

எங்க ஊர் அச்சங்குளம், விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல்காட்டு ஊர். ஊர்ப் பேரைக் கேட்டதும் "பேரிலேயே அச்சம் இருக்கே சாமி" என்று வெளியூர் அன்பர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். பேருக்குக் காரணம் எதுவாகவும் இருக்கட்டும். அச்சம் எங்களுக்குப் புதுசு இல்லை.

இது மழை குறைந்த சீமை. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு சிவகாசிக்குத் திரும்பினார்கள். அதன் பிறகு தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் இங்கே வேர் பிடித்ததற்கு இந்த வறண்ட காற்றும் காய்ந்த வெயிலும் ஒரு காரணம். வெயில் இருந்தால்தான் மருந்து காயும், வேலை நடக்கும். மழை வந்தால் காய வைக்கிற மேடை காலி, அன்றைய கூலியும் காலி. அதே தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு சம்சாரி கோடை உழவுக்காக வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சித்திரைப் புழுதி பத்தரை மாத்துத் தங்கம் என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரே மேகத்தைப் பார்த்து ஒரு வீடு கும்பிடும், ஒரு வீடு கவலைப்படும். இரண்டு வீட்டுக்கும் குலசாமி ஒன்றாகவே இருக்கும்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. மற்ற ஊர்களில் 'டமார்' என்று ஒரு சத்தம் கேட்டால் "இடி இடிக்குது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். எங்க ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரு நொடி பேச்சு நின்றுவிடும். "இடியா, வெடியா?" என்று கேட்டபடி முதலில் வானத்தைப் பார்ப்போம். மேகம் இருந்தால் "அப்பாடா, இடிதான்" என்று மூச்சு விடுவோம். மேகம் இல்லை என்றால் கை தானாகப் போனுக்குப் போகும். இன்றைக்கு யார் யார் எந்த ஆலைக்கு வேலைக்குப் போனார்கள் என்று மனசு எண்ணத் தொடங்கும்.

2021 பிப்ரவரி 12. தை மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை. அன்றைக்கு மதியம் கேட்ட சத்தத்துக்கு வானத்தில் மேகம் இல்லை. எங்க ஊர்ப் பட்டாசு ஆலையில் நடந்த வெடி விபத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். நாடு முழுக்கச் செய்தி ஆனது, உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதற்கு முன் 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் 35 பேருக்கும் மேல் போனார்கள். இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இவை பழைய செய்தி ஆகவில்லை. ஒவ்வொரு கோடை இடியிலும் அந்த நாள் திரும்பி வருகிறது.

சிவகாசியில் அச்சடித்த முருகன் படக் காலண்டர் இல்லாத வீடு தமிழ்நாட்டில் குறைவு. வேலும் மயிலுமாக அவன் நிற்பான். நான் இருக்கும்போது உனக்கு எதற்குப் பயம் என்று கேட்கிற வாசகம் கீழே இருக்கும். அதை அச்சடிக்கிற சீமையில் வாழ்கிற எங்களுக்கு அந்த வாசகத்தின் அர்த்தம் என்ன? பயமே வராது என்று அர்த்தமா? ஒன்றுமே நடக்காது என்று அர்த்தமா? இந்தக் கேள்வியை அடியேன் தேடிப் போகவில்லை. போன வருஷம் ஒரு கோடை மழையில் என் வீட்டுக்குள்ளேயே ஒரு சின்னப் பிள்ளை கேட்டான்.

🦚

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. காலையில் இருந்தே வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. புழுக்கம் தாங்கவில்லை. மதியம் மூன்று மணிக்கு மேல் மேற்கே மலைப்பக்கம் கறுக்க ஆரம்பித்தது. திரி வேலைக்குப் போகும் என் மருமகள் சீக்கிரமே வந்துவிட்டாள்.

"என்னம்மா இன்னைக்கு வெள்ளனவே?"

"இடி சத்தம் கேட்டுச்சு மாமா. எல்லாரும் ரூமை விட்டு வெளிய வாங்கன்னு போர்மேன் சொல்லி, வேன்ல ஏத்தி விட்டுட்டாக."

வந்தவள் முகம்கூடக் கழுவவில்லை. டிவி, மிக்சி, பிரிட்ஜ் எல்லா பிளக்கையும் பிடுங்கிப் போட்டாள். அப்புறம் நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். அங்கே ஒரு மதினி தனியாக இருக்கிறார். 2021-ல் உடன்பிறந்த தங்கையைப் பறிகொடுத்தவர். அன்றிலிருந்து இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்வார். அவர் வீடு தகரக் கூரை. "சித்தி, காத்து ஆரம்பிக்கிறதுக்குள்ள எங்க வீட்டுக்கு வாங்க" என்று மருமகள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

நாலரை மணிக்குக் காற்று வந்தது. கரிசல் புழுதி எழும்பி எதிர்வீடு தெரியவில்லை. எங்கிருந்தோ ஒரு தகரம் பறந்து தெருவில் உருண்டது. வேப்பமரத்துக் கிளை ஒன்று முறிந்து சுவர் மேல் விழுந்தது. கரண்ட் போனது. முதல் பத்துத் துளி காசு காசாக மண்ணில் விழுந்தது, அப்புறம் கூரையில் கல் எறிகிற மாதிரி ஆலங்கட்டி. நடுவீட்டில் ஜன்னலுக்கும் சுவருக்கும் தள்ளி அஞ்சு பேரும் ஒரு பாயில் உட்கார்ந்தோம். நான், என் வீட்டம்மா, மருமகள், மூணாம் வகுப்புப் படிக்கும் பேரன், மதினி.

மகன் மட்டும் வீட்டில் இல்லை. லோடு ஆட்டோ எடுத்துக்கொண்டு சிவகாசி போயிருந்தான். போன் போட்டால் டவர் இல்லை. இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு மருமகள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மின்னல் ஜன்னல் இடுக்கு வழியாக வீட்டுக்குள் வெள்ளையடித்த மாதிரி வந்து போகும். இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்வது எங்க பெரியவர்கள் வழக்கம். என் வீட்டம்மா அதைச் சொல்லி, கூடவே "முருகா" என்றும் சேர்த்துக்கொண்டாள். மதினிக்கு உடம்பெல்லாம் நடுக்கம். கையை மருமகள் பிடித்திருந்தாள். பேரன் என் மடியில்.

அவன் பயத்தை மாற்ற ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். "மின்னல் தெரிஞ்சதும் 'சரவணபவ, சரவணபவ'ன்னு நிதானமா எண்ணுடா. ஒரு சரவணபவ ஒரு செகண்ட். மூணு சரவணபவக்கு இடி கேட்டா அது ஒரு கிலோமீட்டர் தூரத்துல விழுந்திருக்கு." வெளிச்சம் உடனே வந்துவிடும், சத்தம் ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று நொடி எடுக்கும், அவ்வளவுதான் விஷயம். அவன் எண்ணினான். முதலில் ஒன்பது வந்தது. அப்புறம் ஆறு. அப்புறம் மூன்று. அதற்கப்புறம் ஒரு சரவணபவ முடியும் முன்பே வீடு அதிர்ந்தது. மதினி "ஐயோ" என்று கத்திவிட்டார்.

அந்தச் சத்தம் அடங்கினதும் பேரன் கேட்டான்: "தாத்தா, முருகன் இருக்காருன்னா, அன்னைக்கு ஏன் அவங்களை எல்லாம் காப்பாத்தலை?"

மதினி அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். கிருத்திகைதோறும் பஜனை மடத்தில் உட்கார்ந்து கந்தபுராணம் சொல்கிறவன் நான். என் வாயில் ஒரு சொல் வரவில்லை.

பதில் சொன்னது மதினிதான்.

"எனக்கும் தெரியலடா தங்கம். நானும் அவர்கிட்ட கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அன்னைக்கு ராத்திரி ஆஸ்பத்திரி வாசல்ல விடிய விடிய உக்காந்திருந்தேன். ஒரு அம்மா வந்து பக்கத்துல உக்காந்தாங்க. தண்ணி குடுத்தாங்க. ஒரு வார்த்தை பேசல. என் கையை விடல. அவங்க யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. பேரு கேக்கணும்னுகூட எனக்குத் தோணல. அவங்க இல்லைன்னா அந்த ராத்திரியை நான் தாண்டியிருக்க மாட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். மழை ஆறரை மணிக்கு விட்டது. ஏழு மணிக்கு மகன் நனைந்து வந்தான். வழியில் மேகத்தைப் பார்த்ததும் வண்டியை ஓரம் கட்டி, ஒரு டீக்கடைக் கட்டடத்துக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறான். மருமகள் அவனிடம் "சாப்பிடுறீகளா" என்று மட்டும் கேட்டாள்.

🦚

அன்பர்களே, பேரன் கேட்ட கேள்வி அதற்கப்புறம் என்னைத் தூங்கவிடவில்லை. கந்தபுராணத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எத்தனையோ தடவை சொன்ன கதைதான். ஓர் இடம் அன்றைக்குப் புதிதாகத் தெரிந்தது.

இடிக்கும் மழைக்கும் அதிபதி இந்திரன். வச்சிராயுதம் அவன் கையில் இருக்கிறது. அவன் மகன் சயந்தன். அந்தச் சயந்தனைத் தேவர்களோடு சேர்த்துச் சூரபத்மன் வீரமகேந்திரபுரத்தில் சிறை வைத்தான். இடியை ஆள்கிறவனின் பிள்ளைக்கே இருட்டறையும் விலங்கும்தான் வாய்த்தன. அப்பன் ஆயுதம் அவனுக்கு உதவவில்லை. அவன் அங்கே கிடந்து அழுகிறான். எத்தனை காலம் இப்படி, யாருமே எங்களைத் தேடி வரமாட்டார்களா என்று புலம்புகிறான்.

திருச்செந்தூரில் பெருமான் படையோடு வந்து இறங்கிவிட்டார். சூரனிடம் வீரபாகுத் தேவரைத் தூது அனுப்புகிறார். அந்த நேரத்தில் முருகப் பெருமான் என்ன செய்தார் தெரியுமா? சிறையில் அழுது களைத்துக் கண்ணயர்ந்த சயந்தனின் கனவில் போய் நின்றார். நான் வந்துவிட்டேன், உங்களை மீட்பேன், அஞ்ச வேண்டாம் என்று ஆறுதல் சொன்னார். கண் விழித்தால் கையில் அதே விலங்கு, அதே இருட்டறை. அப்புறம் வீரபாகு தேவரும் அந்தச் சிறைக்கே வந்து அவர்களைத் தேற்றிவிட்டுப் போகிறார்.

கவனியுங்கள் அன்பர்களே. விலங்கு அன்றைக்குக் கழலவில்லை. போர் அதற்கப்புறம்தான் நடந்தது. சிறைக்கதவு திறந்தது சூரன் அடங்கிய பிறகுதான். ஆனால் கதவு திறக்கும் முன்பே பெருமான் உள்ளே போய்விட்டார். முதலில் பயந்தவன் பக்கத்தில் போய் நிற்பது, அப்புறம் ஆபத்தைத் தீர்ப்பது. அவன் முறை அது.

அபயம் என்ற சொல்லை நாம் 'ஒன்றும் நடக்காது' என்ற உத்தரவாதமாக எடுத்துக்கொள்கிறோம். பயத்தில் இருப்பவனைத் தனியாக விடமாட்டேன் என்பதுதான் அபயம். காலண்டர் படத்துக்குக் கீழே இருக்கும் வாசகத்தை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். உனக்கு எந்தக் கஷ்டமும் வராது என்று அதில் இல்லை. நான் இருக்கிறேன் என்பதுதான் அதில் இருக்கிறது.

கவசம் பாடிய மகானின் வாழ்க்கையைப் பார்த்தாலும் இதுவே தெரியும். பாம்பன் சுவாமிகள் 1891-ல் சண்முக கவசம் அருளினார். எத்தனையோ குடும்பங்கள் இன்றைக்கும் அதை நம்பிப் பாராயணம் செய்கின்றன. அந்த மகானுக்கு, எழுபது வயதுக்கு மேல், 1923 டிசம்பர் 27 அன்று சென்னை தம்புச் செட்டித் தெருவில் குதிரை வண்டி மோதி இடது கால் எலும்பு முறிந்தது. கவசம் பாடியவருக்கே கால் முறிந்தது! அவர் கவசத்தைக் குறை சொல்லவில்லை. கவசம் இருக்கிறதே என்று சிகிச்சையை மறுக்கவும் இல்லை. அரசு பொது மருத்துவமனையில் சேர்ந்தார். சீடர் கவசம் பாராயணம் செய்தார், டாக்டர்கள் வைத்தியம் செய்தார்கள். பதினோராம் நாள் இரவு மயில்கள் ஆடிவரக் கண்டார், கால் கூடியது. அந்த நாளைத்தான் மயூர வாகன சேவன விழாவாகத் திருவான்மியூரில் இன்றும் கொண்டாடுகிறார்கள்.

ஆகவே 2021-ல் போனவர்களுக்குப் பக்தி குறைவு, பாவம் அதிகம், அதனால் தண்டனை என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். அப்படி ஒரு பேச்சு வந்தால் அடியேன் பேரைச் சொல்லி அதை நிறுத்துங்கள். அவர்கள் தை வெள்ளி அன்று வயிற்றுப்பாட்டுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள். ஏன் நடந்தது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. மதினி கேட்பதுபோல் நானும் அவனிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். கேட்பதும் பக்திதான். சயந்தனும் கேட்டான், பெருமான் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்த அந்த அம்மா யார் என்று எனக்கும் தெரியாது. வீரபாகுவைச் சிறைக்கு அனுப்பியவன் யாரையும் எங்கேயும் அனுப்புவான் என்பது மட்டும் தெரியும். அன்றைக்குக் காற்று வரும் முன்பே மதினி கையைப் பிடித்துக் கூட்டி வந்தாளே என் மருமகள், அவளும் அப்படி அனுப்பப்பட்டவள்தான்.

🦚

இனி வேலைப் பற்றி ஒரு வார்த்தை. பெருமான் கையில் இருப்பதை ஞானவேல் என்கிறோம். அடி ஆழ்ந்து, நடு அகன்று, நுனி கூர்மையாக இருப்பது அறிவின் அடையாளம் என்று பெரியவர்கள் விளக்குவார்கள். அறிவைக் கையில் பிடித்திருக்கும் சாமியைக் கும்பிட்டுவிட்டு, அறிவு சொல்வதைக் கேட்காமல் இருந்தால் அது பக்தி ஆகாது.

எங்களுக்குத் தெற்கே கழுகுமலை இருக்கிறது. குடைவரையில் கழுகாசலமூர்த்தி. அங்கே இந்திரனே அவனுக்கு மயிலாக இருக்கிறான் என்று தல வரலாறு சொல்கிறது. இடிக்கு அதிபதியையே வாகனமாக வைத்திருக்கிறான்! அதை நினைத்தால் தைரியம் வருகிறது. அதற்காக மின்னல் வெட்டும்போது மொட்டை மாடியில் நின்று அரோகரா போடலாமா? பெரிய கோயில் கோபுரங்களிலேயே இடிதாங்கி வைத்திருக்கிறார்கள். சாமி இருக்கிற இடத்துக்கு இடிதாங்கி வைத்ததை யாரும் நம்பிக்கைக் குறைவு என்று சொல்வதில்லை.

மின்னல் பாயும் இடத்தில் காற்றின் வெப்பம் ஏறக்குறைய 30,000 டிகிரி செல்சியஸ். சூரியனின் மேற்பரப்பைவிட ஐந்து மடங்கு. நம் நாட்டில் வருஷத்துக்கு 2,000 பேருக்கு மேல் மின்னல் தாக்கி இறக்கிறார்கள். அதில் பெரும்பாலும் வயற்காட்டிலும் மரத்தடியிலும் இருந்த ஏழைகள். அதனால் கீழே சொல்வதையும் இந்தப் பதிவின் பாகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இதுவும் வேல் வழிபாடுதான்.

🙏 மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் முப்பது 'சரவணபவ' சொல்வதற்குள் சத்தம் வந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே நல்ல கட்டடத்துக்குள் போய்விடுங்கள். திண்ணை, வராண்டா, மொட்டை மாடி வேண்டாம்.

🙏 மழை வரும் முன்பே பிளக்கைப் பிடுங்குங்கள். மின்னல் வெட்டும்போது சுவிட்ச் பக்கம் போக வேண்டாம். சார்ஜில் இருக்கும் போனைத் தொட வேண்டாம். குளிப்பது, குழாயில் பாத்திரம் கழுவுவது எல்லாம் பிறகு.

🙏 கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் வரை வெளியே வராதீர்கள். கந்த சஷ்டி கவசத்தை நிதானமாகச் சொன்னால் 20 நிமிஷம் ஆகும். சொல்லி முடித்து இன்னும் பத்து நிமிஷம் பிள்ளைகளுக்கு ஒரு முருகன் கதை சொல்லுங்கள், சரியாக இருக்கும். கவசத்தில் தலை முதல் கால் வரை ஒவ்வோர் அங்கமாக வருமே, அந்தந்த இடத்தைத் தொட்டுக்கொண்டே பிள்ளைகளைச் சொல்லச் சொல்லுங்கள். நடுக்கம் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள்.

🙏 காட்டில், வயலில் மாட்டிக்கொண்டால் தனி மரத்தடி வேண்டாம். ஆடு மேய்க்கும் அன்பர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 'தாமினி' என்று ஒரு செயலி வைத்திருக்கிறது. பக்கத்தில் மின்னல் அபாயம் இருந்தால் போனில் எச்சரிக்கும். வீட்டுப் பிள்ளைகளை விட்டு இறக்கிக்கொள்ளுங்கள்.

🙏 மின்னல் தாக்கியவர் உடம்பில் மின்சாரம் தங்காது. பயப்படாமல் தொட்டு உதவலாம். மூச்சு இல்லை என்றால் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்துகொண்டே 108-க்குப் போன் போடச் சொல்லுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077. அறுந்து கிடக்கும் கரண்ட் கம்பி பக்கம் மட்டும் போகவே கூடாது.

🙏 எங்க பக்கத்து அன்பர்களுக்குத் தனியாக ஒரு விண்ணப்பம். இடிச் சத்தம் கேட்டால் மருந்தை அப்படியே விட்டுவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள். பாக்கி இருக்கிற நாலு உருப்படி பெரிசில்லை. ஆலை நடத்தும் அன்பர்கள், போர்மேன்கள் உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், வானம் கறுத்தால் ஆளை வெளியே அனுப்புங்கள். இடிதாங்கி சரியாக வேலை செய்கிறதா என்று கோடைக்கு முன்பே பாருங்கள். வீட்டில் வைத்து மருந்து வேலை செய்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள். சட்டம் தடுக்கிறது என்பது ஒரு பக்கம். விளக்கு ஏற்றுகிற வீட்டில், பிள்ளை படுத்துத் தூங்குகிற வீட்டில் அது வேண்டாம். பூஜை அறையில் வேல் இருந்தால் போதும், அடுத்த அறையில் மருந்து இருந்தாலும் ஒன்றும் ஆகாது என்று பெருமான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் தெருவிலும் ஒரு மதினி இருப்பார். இடிக்குப் பயப்படும் ஒரு பாட்டி, தகரக் கூரைக்கு அடியில் தனியாக ஒரு தாத்தா, வெளியூரில் இருந்து வேலைக்கு வந்து ஆள் பழக்கம் இல்லாத ஒரு குடும்பம், யாராவது இருப்பார்கள். அடுத்த தடவை மேற்கே கறுக்கும்போது, காற்று கிளம்பும் முன்பு, உங்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். "நம்ம வீட்டுக்கு வாங்க" என்று கூப்பிடுங்கள். உபதேசம் எதுவும் வேண்டாம். பாயை விரித்துப் பக்கத்தில் உட்காருங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வைகாசி விசாகத்துக்குப் பால்குடம் எடுப்பதற்குச் சமமான வழிபாடு அது என்று அடியேன் நம்புகிறேன்.

நிறைவாக எல்லோரும் சேர்ந்து வேண்டிக்கொள்வோம்:

முருகா, மழை கொடு. கரிசல் மண் குளிரட்டும், கண்மாயில் தண்ணீர் நிற்கட்டும். மழையால் கூலி இழக்கிற வீட்டில் அடுப்பு அணையாமல் நீ பார்த்துக்கொள். வெளியே போன பிள்ளைகள் வீடு திரும்பட்டும். திரும்பாமல் போனவர்கள் உன் திருவடி நிழலில் இருக்கட்டும். அவர்களை நினைத்து விழித்திருக்கிறவர்கள் பக்கத்தில் இன்றைக்கு ராத்திரியும் யாரையாவது அனுப்பு. அனுப்ப ஆள் வேண்டும் என்றால் எங்களை அனுப்பு.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏🦚

(பட்டாசு ஆலைக்குப் போகிற, ஆடு மேய்க்கிற, தனியாக வாழ்கிற உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு இதைப் பகிருங்கள். போனில் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.)